மனுவை வாபஸ் வாங்க வைப்பதும் வன்முறைதானே?

மழைத்துளி (இழையைத் தொடங்கியவர்)

ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டு இன்று எழுதுகிறேன். உள்ளாட்சித் தேர்தல் ஒன்றில் எதிர்க்கட்சி சார்பில் நின்ற ஒரு பெண்ணின் மனுவை முன்மொழிந்தவள் நான். அவருக்கும் எனக்கும் அதுதான் முதல் தேர்தல்.

மனு பரிசீலனை முடிந்த அன்று இரவு இரண்டு பேர் அவர் வீட்டுக்கு வந்தார்கள். அவரிடம் பேசவே இல்லை. வாசலில் நின்று அவருடைய அப்பாவிடம் ஐந்து நிமிடம் பேசிவிட்டுப் போய்விட்டார்கள். குரல்கூட உயரவில்லை. பேத்தி எத்தனை மணிக்குப் பள்ளி முடிந்து வருவாள், எந்த வழியாக வருவாள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் அவர் மனுவை வாபஸ் வாங்கினார். கையெழுத்துப் போடும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று அதிகாரி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

காவல் நிலையத்தில் "அடிபட்டதா?" என்று கேட்டார்கள். இல்லை. "கெட்ட வார்த்தை பேசினார்களா?" இல்லை. அப்புறம் என்ன புகார் என்றார்கள். எங்கள் கட்சியிலோ, இதைப் பெரிதாக்கினால் அடுத்த முறை எந்தப் பெண்ணும் நிற்க வரமாட்டார், விட்டுவிடுங்கள் என்றார்கள்.

அந்த வார்டின் முடிவு "போட்டியின்றித் தேர்வு" என்று பதிவாகியிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. நடந்ததற்கு என்ன பெயர்? வன்முறை என்று சொன்னால் நான் மிகைப்படுத்துகிறேனா?

கல்வெட்டு

நடந்தது அநியாயம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒன்றை மனதில் பட்டபடி கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எதிர்க்கட்சியில் இருக்கும் ஆண்களும்தான் அடிவாங்குகிறார்கள், சிறைக்குப் போகிறார்கள், கொல்லப்படுகிறார்கள். எண்ணிக்கையில் பார்த்தால் அவர்கள்தான் அதிகமாக இருப்பார்கள். எதிர்க்கட்சி மீதான அடக்குமுறை என்று ஒரே பெயரில் சொல்லாமல், பெண்களுக்கென்று தனிக் கணக்கு எதற்கு? பிரித்துப் பேசினால் வலு குறையாதா?

தூரத்துமேகம்

கல்வெட்டு அண்ணா, இரண்டு நாடுகளில் நடந்ததைச் சொல்கிறேன். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ஜிம்பாப்வே, 2020 மே 13. ஊரடங்கில் மக்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று ஹராரேயில் எதிர்க்கட்சி இளைஞர்கள் ஒரு சின்னப் போராட்டம் நடத்தினார்கள். எதிர்க்கட்சியான எம்டிசி கூட்டணியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோவானா மமோம்பே, அவருடன் செசிலியா சிம்பிரி, நெட்சாய் மரோவா. மூவரும் காவல்துறையின் சாலைத் தடுப்பில் பிடிக்கப்பட்டார்கள். அதன்பின் காணவில்லை. இரண்டு நாள் கழித்து நகருக்கு வெளியே பிந்துராவுக்குப் பக்கத்தில் கிடைத்தார்கள். அடித்தார்கள், பாலியல் வன்கொடுமை செய்தார்கள் என்று மூவரும் சொன்னார்கள். மருத்துவமனையில் படுத்திருந்தபோதே ஊரடங்கை மீறியதாக அவர்கள் மீது வழக்கு வந்தது. ஜூன் மாதம் அடுத்த வழக்கு. கடத்தல் நடக்கவே இல்லை, கட்டுக்கதை சொல்லி நாட்டின் பெயரைக் கெடுத்தார்கள் என்று. கடத்தியவர்கள் யாரும் கூண்டில் ஏறவில்லை, புகார் சொன்னவர்கள் ஏறினார்கள். மமோம்பேயும் சிம்பிரியும் அந்தப் பொய்ப்புகார் வழக்கிலிருந்து விடுபட 2023 ஜூலை வரை ஆனது. மூன்று வருடம்!

உகாண்டா. 2012 ஏப்ரலில் எதிர்க்கட்சியான எஃப்டிசியின் இங்ரிட் துரினாவேயைக் கைது செய்யும்போது காவலர் ஒருவர் அவருடைய மார்பைப் பிடித்துக் கசக்கினார். தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தார்கள். அதைக் கண்டித்துப் பெண்கள் சிலர் மேலாடையைக் களைந்து காவல் நிலையத்தின் முன் நின்றார்கள், அவர்களையும் பிடித்தார்கள். மூன்று வருடம் கழித்து, அதே கட்சியின் ஃபத்துமா ஜைனப் நாய்காகா கைது செய்யப்படும்போது நடுச்சாலையில் உடைகள் உருவப்பட்டன. காவல்துறை என்ன சொன்னது தெரியுமா? அவரே அவிழ்த்துக்கொண்டார் என்றது.

எதிர்க்கட்சி ஆணை அடித்தால் "அடிபட்டான்" என்று ஊர் சொல்லும். காயத்தைக் காட்டி அவர் மேடை ஏறலாம், அது அவருக்குப் பெருமையாகவும் ஆகும். இந்தப் பெண்களுக்கு நடந்ததை மேடையில் காட்ட முடியுமா? சொன்னால் "பொய் சொல்கிறாள்" அல்லது "அவளே செய்துகொண்டாள்" என்பார்கள். சொல்லாவிட்டால் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். தனிக் கணக்கு கேட்பது இதனால்தான்.

கல்வெட்டு

இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. காயத்தைக் காட்டி மேடை ஏறலாம் என்ற வரி உண்மை. என் பக்கத்து ஆட்களே கட்டுப் போட்ட கையோடு ஓட்டுக் கேட்டதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மழைத்துளி சொன்னதில் உடலைத் தொடவே இல்லையே. அதையும் இதையும் ஒரே தட்டில் வைக்கலாமா?

கடலோரம்

வைக்கலாம் என்றுதான் சொல்வேன். பிள்ளையைக் காட்டி மிரட்டுவது ஏதோ அந்த இருவர் யோசித்துக் கண்டுபிடித்த உத்தி இல்லை. அரசாங்கங்களே செய்திருக்கின்றன.

பெலாரூஸில் 2010 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு எதிர்க்கட்சி வேட்பாளர் சன்னிகாவையும் அவர் மனைவி, பத்திரிகையாளர் இரினா ஹாலிப்பையும் பிடித்து உள்ளே வைத்தார்கள். அவர்களுடைய மூன்று வயது மகனை அரசுக் காப்பகத்துக்கு எடுத்துப் போகப் பார்த்தார்கள். பாட்டி போராடித்தான் காப்பாற்றினார். பத்து வருடம் கழித்து அதே கதை. 2020 மே மாதம் கணவர் கைதானதும் ஸ்வியாத்லானா சிகானவுஸ்கயா அவருடைய இடத்தில் அதிபர் தேர்தலுக்கு நின்றார். பிரச்சாரத்தின் நடுவில் ஒரு தொலைபேசி அழைப்பு: விலகாவிட்டால் நீ சிறைக்கு, பிள்ளைகள் காப்பகத்துக்கு. அவர் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் தேர்தலைச் சந்தித்தார். தேர்தல் ஆகஸ்ட் 9. இரண்டே நாளில் அவரும் லிதுவேனியாவில் இருந்தார். அங்கிருந்து பேசிய காணொளியில் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசினார். முகத்தைப் பார்த்தால் ஒரே வாரத்தில் பல வயது கூடியது போல இருந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் மரியா கலெஸ்னிகவாவை நடுத்தெருவில் வேனில் ஏற்றி எல்லைக்குக் கொண்டுபோனார்கள், நாட்டைவிட்டு வெளியேற்ற. அவர் தன் கடவுச்சீட்டைக் கிழித்துப்போட்டு, கார் ஜன்னல் வழியாக இறங்கித் திரும்பி நடந்தார். அடுத்த வருடம் 11 ஆண்டு சிறைத் தண்டனை. இவரை எல்லோரும் வீராங்கனை என்கிறோம், சரிதான். ஆனால் சிகானவுஸ்கயா போனதைக் கோழைத்தனம் என்று சொன்னவர்களை நான் படித்திருக்கிறேன். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவர் எடுத்த முடிவை அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

மழைத்துளி, உங்கள் தோழியும் கையெழுத்துப் போட்டதற்காக வெட்கப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மழைத்துளி

சொன்னேன். பதில் பேசவில்லை. ஆனால் இழையைப் படிக்கிறார்.

வழக்குக்கட்டு

வழக்கறிஞராக இருப்பதால் சட்டப் பக்கம் மட்டும் பேசுகிறேன். மழைத்துளியின் கேள்விக்கு நேராக விடை தந்த ஒரு நாடு உண்டு, பொலிவியா.

அங்கே உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் வந்தது. ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு மாற்று உறுப்பினர் உண்டு. பெண் உறுப்பினர் என்றால் மாற்று பெரும்பாலும் ஆண். பெண் ராஜினாமா செய்தால் இடம் அந்த மாற்று உறுப்பினருக்கு. இதில் என்ன நடந்திருக்கும் என்று யூகிப்பது கடினமில்லை. பெண்களைத் தேர்தலில் நிற்க விட்டார்கள், ஜெயிக்கவும் விட்டார்கள். ஜெயித்த பிறகு அறையில் பூட்டி வைத்து ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பெண் உறுப்பினர்களின் சங்கமான அகோபோல் இப்படிப்பட்ட புகார்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தது. 2000க்குப் பிந்தைய பன்னிரண்டு ஆண்டுகளில் அது 4,000ஐத் தாண்டியது. சட்ட வரைவு எழுதிக் கொடுத்தும் வருடக்கணக்கில் அது நகரவில்லை.

நகர்த்தியது ஒரு மரணம். அன்கோராய்மெஸ் என்ற ஊரின் கவுன்சிலர் குவானா கிஸ்பே. 2010இல் ஜெயித்தும் அவரை உட்கார விடவில்லை. ராஜினாமா செய் என்றார்கள், மாட்டேன் என்றார். நீதிமன்றம் போனார், ஜெயித்தார், இருக்கைக்குத் திரும்பினார். 2012 மார்ச்சில் லா பாஸில் கொல்லப்பட்டார். அந்த மே மாதமே 243ஆம் எண் சட்டம் வந்துவிட்டது. அரசியலில் இருக்கும் பெண்ணை மிரட்டுவது, துன்புறுத்துவது, கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்குவது எல்லாம் அதில் குற்றம். உடல், மன வன்முறைக்கு 3 முதல் 8 ஆண்டு வரை சிறை. குடும்பத்தாரை மிரட்டுவதும் அதற்குள் வரும். ஆக, உங்கள் தோழியின் வாசலில் நடந்தது பொலிவியச் சட்டப்படி அரசியல் வன்முறை. நீங்கள் மிகைப்படுத்தவில்லை.

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். புகார்கள் குவிந்த அளவுக்குத் தண்டனைகள் வரவில்லை. என் பார்வையில் தண்டனையைவிட நடைமுறைதான் முக்கியம். மெக்சிகோவில் 2009இல் நாடாளுமன்றம் கூடியவுடன் எட்டுப் பெண் உறுப்பினர்கள் விடுப்புக் கேட்டார்கள், மாற்று ஆட்களாக ஆண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அதன்பின் 2011இல் தேர்தல் தீர்ப்பாயம் தன் தீர்ப்பில் ஒன்றைச் சொன்னது: பெண் வேட்பாளருக்கு மாற்றும் பெண்ணாகவே இருக்க வேண்டும். அந்த ஒரு வரியால் கட்டாய ராஜினாமாவால் கிடைக்கிற லாபம் போய்விட்டது.

வாபஸ் வாங்கும்போது அதிகாரி தனியறையில் வேட்பாளரிடம் மட்டும் கேட்க வேண்டும், ஒரு நாள் அவகாசம் தர வேண்டும் என்று விதி இருந்தால் உங்கள் வார்டில் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

தும்பை

பொலிவியா பேச்சு வந்ததால் இதையும் சொல்ல வேண்டும். 2019 நவம்பர் 6, வின்டோ நகர மேயர் பாத்ரிசியா ஆர்சே. அவர் ஆளுங்கட்சி. அதிபர் மொராலஸுக்கு எதிராகப் போராடிய கூட்டம் அவரை அலுவலகத்திலிருந்து இழுத்து வந்தது. வெறுங்காலோடு தெருவில் நடக்கவைத்து, தலைமுடியை வெட்டி, உடம்பெல்லாம் சிவப்புச் சாயம் ஊற்றி, ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அடித்தவர்கள் எதிர்க்கட்சிப் பக்கம். அடுத்த சில நாளில் ஆட்சி கவிழ்ந்தது. சாயத்தோடு நின்ற அன்று அவர் கேமரா முன்னால் பேசினார், வாய் மூடமாட்டேன் என்றார். மறு ஆண்டு செனட்டராகத் தேர்வானார்.

ஆளும் கட்சி கெட்டது, எதிர்க்கட்சி பாவம் என்ற ஒரே கோட்டில் பேசினால் நாம் தப்பாகப் போவோம். தெருவில் அன்றைக்கு யாருக்குப் பலமோ அவர்கள் செய்கிறார்கள்.

தூரத்துமேகம்

ஒப்புக்கொள்கிறேன் தும்பை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஆட்சியில் இருக்கும் பக்கத்துக்குக் காவல்துறையும் வழக்கும் கையில் இருக்கின்றன. ஆர்சேயை அடித்தவர்களிடம் அவர் மேலேயே வழக்குப் போடும் அதிகாரம் அன்று இல்லை. மமோம்பேக்கு நடந்ததில் அது இருந்தது. எதிர்க்கட்சிப் பெண்ணுக்குப் புகார் கொடுக்கப் போகும் இடமே எதிராளியின் இடம். இழையின் தலைப்பு அதைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்.

பழைய வாசகர்

இவ்வளவு தூரம் சுற்றி வந்துவிட்டு நம் சட்டமன்றத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1989 மார்ச் 25, பட்ஜெட் நாள். ஜெயலலிதா அப்போது எதிர்க்கட்சித் தலைவர். அவையில் பெரிய அமளி. தன்னைத் தாக்கினார்கள், சேலையைப் பிடித்து இழுத்தார்கள் என்று அவர் சொன்னார். ஆளும் திமுக அதை மறுத்தது. இனி முதலமைச்சராகத்தான் இந்த அவைக்குள் வருவேன் என்று சொல்லிப் போனவர், 1991இல் அப்படியே வந்தார். 2023 ஆகஸ்டில் நிர்மலா சீதாராமன் மக்களவையில் அந்தச் சம்பவத்தை எழுப்பினார், மு.க. ஸ்டாலின் அப்படி நடக்கவில்லை என்று மறுத்தார்.

அன்று என்ன நடந்தது என்ற தீர்ப்பை இங்கே எழுத நான் வரவில்லை. அதைப் பற்றி யாரிடம் கேட்டாலும், அவர் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர் என்பது பதிலிலேயே தெரிந்துவிடும். முப்பத்து நான்கு வருடம் கழித்தும் அது இரண்டு கட்சிகளின் சண்டைக்கு ஒரு ஆயுதமாக இருந்ததே தவிர, அவைக்குள் ஒரு பெண் உறுப்பினருக்கு என்ன பாதுகாப்பு என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை. இப்போது இங்கேயும் அந்தச் சண்டையைத் தொடங்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கல்வெட்டு

ஐயா, தொடங்க மாட்டேன். ஆனால் நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு ஒரு நிமிடம் கைபேசியைக் கீழே வைத்துவிட்டேன். நானும் அந்தக் கேள்விக்குக் கட்சி பார்த்துத்தான் பதில் சொல்லி வந்திருக்கிறேன்.

கடலோரம்

மழைத்துளி முதல் பதிவில் ஒரு வரி எழுதினார், யாரும் அதைத் தொடவில்லை. சொந்தக் கட்சி "விட்டுவிடுங்கள்" என்றது. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

நாடாளுமன்றங்களின் உலக அமைப்பான ஐபியு 2016இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. 39 நாடுகளின் 55 பெண் உறுப்பினர்களிடம் பேசியது. மன ரீதியான வன்முறையை அனுபவித்தவர்கள் 81.8 சதவீதம். கொலை, வன்புணர்வு, அடி, கடத்தல் என்று மிரட்டல் வந்தவர்கள் 44.4 சதவீதம். எண்ணிக்கை சிறியது, உலகத்தையே அளந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னை நிறுத்தியது வேறொன்று. செய்தவர்களில் எதிராளிகள் மட்டும் இல்லை, சொந்தக் கட்சியின் ஆண்களும் இருந்தார்கள். வெளியிலிருந்து அடி வரும்போது உள்ளே யாரிடம் போய் நிற்பது? தேர்தல் நேரத்தில் சொன்னால் "கட்சி பெயர் கெடும்". தோற்ற பிறகு சொன்னால் "தோற்றதற்குச் சாக்கு". ஜெயித்த பிறகு சொன்னால் "அதுதான் ஜெயித்தாச்சே". சொல்வதற்குச் சரியான நாள் வருவதே இல்லை.

தும்பை

நாள் என்றதும் நினைவுக்கு வருகிறது. வட அயர்லாந்தில் காரா ஹன்ட்டர் என்ற இளம் சட்டமன்ற உறுப்பினர். 2022 ஏப்ரலில், தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, அவருடையது என்று சொல்லி ஒரு ஆபாசக் காணொளியைப் பரப்பினார்கள். அது அவரில்லை. கட்சியில் சிலர் இதைப் பற்றி வெளியே பேச வேண்டாம், பேசினால் இன்னும் பரவும் என்று யோசனை சொன்னதாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். தெருவில் முன்பின் தெரியாத ஆண் ஒருவர் வந்து அசிங்கமாகக் கேட்கும் அளவுக்கு அது போனது. தேர்தலில் 14 ஓட்டில் ஜெயித்தார். பதினான்கு! அந்தக் காணொளியால் எத்தனை ஓட்டுப் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னும் பதினைந்து பேர் நம்பியிருந்தால் அவர் இன்று அங்கே இல்லை. அப்போது அதுவும் வெறும் "தோல்வி" என்றுதான் பதிவாகியிருக்கும், மழைத்துளியின் "போட்டியின்றி" போல.

வழக்குக்கட்டு

ஆமாம். அதனால் மழைத்துளிக்கு ஒரே ஒரு வேண்டுகோள். காலம் கடந்துவிட்டது என்று விடாதீர்கள். அன்று இரவு நடந்ததை எழுதி வையுங்கள். நாள், நேரம், வந்தவர்கள் நின்ற இடம், சொன்ன சொற்கள் சொன்னபடியே. "மிரட்டினார்கள்" என்று எழுதக்கூடாது, என்ன வார்த்தை சொன்னார்கள் என்று எழுத வேண்டும். அப்பா, நீங்கள், தோழி மூவரும் தனித்தனியாக எழுதுங்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல். மூன்றிலும் கையெழுத்து, இன்றைய தேதி. அடுத்த தேர்தலுக்கு மனுத்தாக்கல் தொடங்கும் முன்பே அதைத் தேர்தல் அதிகாரிக்குத் தபாலில் அனுப்புங்கள், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையோடு. வழக்காக நிற்குமா என்பது வேறு விஷயம். ஆனால் அகோபோல் செய்தது இதைத்தான், ஒவ்வொரு தாளாகச் சேர்த்தது. தனித்தனியாக இருந்தவரை அவை குடும்பத் தகராறு, உள்ளூர்ப் பிரச்சினை என்று ஒதுக்கப்பட்டன.

கல்வெட்டு

கட்சியில் கொஞ்சம் பொறுப்பில் இருப்பவன் நான். எங்கள் பக்கம் வாபஸ் வாங்கிய பெண்கள் எத்தனை பேர் என்று ஒரு கணக்குகூட எங்களிடம் இல்லை. காரணம் கேட்டதும் இல்லை, "குடும்பச் சூழல்" என்று எழுதிவிட்டு அடுத்த பெயரைப் போடுவோம். இந்த வாரம் உட்கார்ந்து கடந்த தேர்தலின் பட்டியலை எடுக்கப் போகிறேன். ஒவ்வொருவருக்கும் ஒரு பெண் நிர்வாகியை வைத்துப் பேசச் சொல்கிறேன். அவர்கள் பேசுவார்களா என்று தெரியாது.

மழைத்துளி

உடனே பேச மாட்டார்கள் அண்ணா. ஆனாலும் கேளுங்கள். கேட்டதே இல்லை என்பதுதான் எங்களுக்குப் பெரிய வலி.

இன்று மாலை தோழியின் வீட்டுக்குப் போயிருந்தேன். வழக்குக்கட்டு சொன்னபடி மூன்று பேரும் மூன்று மூலையில் உட்கார்ந்து எழுதினோம். என்னுடையது ஒரு பக்கத்தில் முடிந்தது, தோழியுடையது இரண்டு பக்கம். அவருடைய அப்பா எழுதிக்கொண்டே இருந்தார். அந்த ஐந்து நிமிடத்தில் சொன்னதில் பாதியைத்தான் அன்று மகளிடம் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. நான் கிளம்பும்போது ஐந்தாவது பக்கத்தில் இருந்தார்.